கல்லணைக்குக் கீழே ஊசித்தட்டான்

சண்முகவடிவு மதுரையில் விலங்கியல் படித்துக்கொண்டிருந்தாள். 1972 ஐப்பசியில் விடுமுறைக்கு அருப்புக்கோட்டை வந்தவள், திருச்சுழிப் பக்கம் குண்டாற்றில் ஊசித்தட்டான் பூச்சிகளைப் பார்க்கவேண்டும் என்று அடம்பிடித்தாள். ஆண்டில் பாதிக்கு மேல் வெறும் மணலாகக் கிடக்கும் ஆற்றில் அப்போதுதான் ஓடைபோல நீர் ஓடியது. தனியே அனுப்ப மனமில்லாத அவள் அப்பா, பருத்தி மூட்டைகள் அடுக்கிவைக்கும் தன் கிட்டங்கியில் வேலைபார்த்த மாயக்காளைத் துணைக்கு அனுப்பினார்.

ஆற்றின் குறுக்கே உடைந்து கிடந்த பழைய கல்லணைக்குக் கீழே முழங்கால் நீரில் நின்றாள் வடிவு. ஈர்க்குபோல் ஒல்லியான பெண் தட்டான் ஒன்று, முட்டையிடுவதற்காகக் கோரைத் தண்டைப் பற்றியபடி நீருக்குள்ளேயே இறங்கியது. உடம்பைச் சுற்றி வெள்ளியாய் ஒரு காற்றுப் படலம். அவள் குனிந்து அதையே பார்த்துக்கொண்டிருந்தாள்.

திடீரென்று தண்ணீர் செம்மண்ணாய்க் கலங்கியது. மேற்கே எங்கோ பெய்த மழை, வெள்ளமாக இரைச்சலோடு வந்துகொண்டிருந்தது. சற்றுத் தள்ளி நீரில் நின்ற மாயக்காள் கரையேறச் சொல்லிக் கத்தினாள். வடிவு பதறித் திரும்பியபோது வலது கால் செருப்போடு இரண்டு கற்களுக்கிடையே இறங்கிச் சிக்கிக்கொண்டது. இழுக்க இழுக்க இறுகியது.

மாயக்காள் கரையை நோக்கி ஓடினாள். அந்த முதுகைப் பார்த்ததும்தான், தான் தனித்துவிட்டது வடிவுக்குப் புரிந்தது. இரண்டு கையாலும் காலைப் பிடித்து இழுத்தாள். நீர் இடுப்புக்கு வந்தது, நெஞ்சுக்கு ஏறியது. ஒரு முள்கிளை கன்னத்தைக் கிழித்துக்கொண்டு போனது. அம்மாவை நினைத்துக் கண்ணை மூடிக்கொண்டாள்.

யாரோ காலைப் பிடித்தார்கள். நீருக்குள் மூழ்கியிருந்த மாயக்காள் செருப்பு வாரை அவிழ்த்துவிட்டாள். கால் உருவிக்கொண்டு வர, வெள்ளம் இருவரையும் புரட்டிக் கொண்டுபோய்க் கரையோரக் கருவேல மரத்தில் மோதியது. முள்ளென்று பாராமல் பிடித்து ஏறினார்கள்.

வடிவு கன்னத்து ரத்தத்தைத் துடைத்துக்கொண்டாள்.

"விட்டுட்டுப் போயிட்டேன்னு நெனச்சேன், மாயக்கா."

"போகத்தான் ஓடுனேன், தாயி. கரையும் ஏறிட்டேன். எனக்கும் மூணு பிள்ளைக இருக்குல்ல." மாயக்காளின் பற்கள் கிட்டின. "பெறவு எப்பிடி எறங்குனேன்னு தெரியல."

வடிவு அவள் கையை இறுகப் பற்றிக்கொண்டாள்.

ரோட்டுக்கு நடக்கையில் தூரத்தில் லாரி இரைந்தாலும் வெள்ளமோ என்று இருவரும் நின்றுவிட்டார்கள். அடுத்த ஐப்பசியில் வடிவு கரையில் நின்றே தட்டான்களைப் பார்த்தாள். அந்த மூன்று பிள்ளைகளை நினைத்து, மாயக்காளைத் துணைக்குக் கூப்பிட அவளுக்கு மனசு வரவில்லை.