ஆடாத பெஞ்சு

கொள்முதல் அதிகாரியம்மாவுக்கு ஆபீசில் வைத்த பெயர் நெருப்பு. ஒப்பந்தக்காரர் யாராவது டீ வாங்கிக் கொடுத்தால்கூடத் தொடமாட்டாள். அதில் அவளுக்குத் தலைகால் புரியாத பெருமை. கை சுத்தமாக இருப்பது நல்லதுதான், யார் இல்லையென்றார்கள்? அந்தக் கையைத் தூக்கித் தூக்கி ஊருக்கெல்லாம் காட்டிக்கொண்டிருந்தாளே, அங்கேதான் வந்தது வினை.

பள்ளிக்கூடங்களுக்கு பெஞ்சு வாங்க டெண்டர் விட்டபோது அவளுடைய கூடப்பிறந்த தம்பியும் போட்டான். வேலை வராமல் ஈயோட்டிக்கொண்டிருந்த சின்ன மரப்பட்டறை அவனுடையது. இது கிடைத்தால் பட்டறை பிழைக்கும், இல்லாவிட்டால் இழுத்து மூட வேண்டியதுதான்.

காலையில் விலைகளைத் திறந்து வாசித்தார்கள். அவனுடையதுதான் குறைவு. மாதிரி பெஞ்சை மூன்று மணிக்குள் மேல்மாடியில் கொண்டுவந்து வைக்க வேண்டும். பெஞ்சு லிஃப்டுக்குள் நுழையவில்லை. தோளில் சுமந்து படியேறி, வியர்வை சொட்டச் சொட்ட அவன் வந்து நின்றபோது மூன்று தாண்டிவிட்டது.

"லிஃப்ட்ல ஏறல அக்கா, அதான்..."

"இங்க அக்கா கிடையாது. மேடம்னு சொல்லுங்க."

டெண்டரை முடிவு செய்யும் குழுவுக்கு அவள்தான் தலைவி, கூட மூன்று பேர். இரண்டு பேர் தலையைக் குனிந்துகொண்டார்கள். இன்ஜினியர் மட்டும் எழுந்து போய் பெஞ்சைப் பிடித்து ஆட்டினார், ஏறி நின்றும் பார்த்தார். அது அசைந்து கொடுக்கவில்லை.

"கொஞ்ச நேரம்தானே மேடம்? குழு நினைச்சா ஏத்துக்கலாம்னு விதியிலயே இருக்கு. போன தடவை ஒருத்தருக்கு ஏத்துக்கிட்டோமே."

அவளுக்கும் தெரியும். வேற்றாளாக இருந்தால் மறுபேச்சில்லாமல் ஏற்றிருப்பாள். ஆனால் சொந்தத் தம்பியையே தூக்கியெறிந்தவள் என்று பேர் வாங்க இப்படியொரு சந்தர்ப்பம் இன்னொரு தரம் வாய்க்குமா?

"தள்ளுபடி," என்றாள்.

ஆபீசே வாயைப் பிளந்தது. நெருப்புன்னா இதுதான்யா நெருப்பு என்றார்கள். அவளுக்கு உச்சி குளிர்ந்துபோயிற்று. வேலை அதிக விலை கேட்ட அடுத்த ஆளுக்குப் போனது. பெஞ்சைத் திரும்பச் சுமக்கத் தம்பிக்குத் தெம்பில்லை, வராந்தாவிலேயே போட்டுவிட்டு இறங்கிப் போனான்.

மறு வருஷம் தணிக்கைக்காரர் வந்தார்.

"வாங்கின பெஞ்செல்லாம் ஆடுது. விலையும் ஜாஸ்தி. நல்லா இருந்ததை ஏம்மா தள்ளினீங்க?"

"அவன் என் தம்பி சார்." நெஞ்சை நிமிர்த்தித்தான் சொன்னாள்.

"தம்பின்னு எழுதிக் குடுத்துட்டு நீங்க வெளிய போயிருக்கணும். மத்த மூணு பேரும் முடிவு பண்ணியிருப்பாங்க. விதி அதுதானே?"

"நாங்க அவருக்குத்தான் குடுத்திருப்போம்," என்றார் இன்ஜினியர், அவள் முகத்தைப் பார்க்காமல்.

பேருக்கு ஆசைப்பட்டுத் தம்பி வாயில் மண்ணைப் போட்டது அப்போதுதான் அவளுக்கு உறைத்தது. உறைத்து என்ன செய்ய? அவளுக்குக் கிடைத்தது ஒரு எச்சரிக்கைக் கடிதம், அவ்வளவுதான்.

ஆடுகிற பெஞ்சுகளைச் சரிபண்ண அந்த ஒப்பந்தக்காரன் ஆளனுப்பினான். அவள் மேற்பார்வைக்குப் பள்ளிக்கூடத்துக்குப் போனாள். கவிழ்த்துப் போட்ட பெஞ்சுகளுக்கு நடுவே சுத்தியலோடு உட்கார்ந்திருந்தது தம்பி. அவளைப் பார்த்ததும் எழுந்து நின்றான்.

"வணக்கம் மேடம்."

அவள் ஒரு பெஞ்சை அழுத்திப் பார்த்தாள். "இன்னும் ஆடுதே."

"இந்த மரத்துக்கு இவ்வளவுதான் மேடம். ஆணி நிக்காது."

"வீட்ல எல்லாரும் எப்படி இருக்காங்க?"

அவன் காதில் வாங்காதவன்போல சாமான்களைப் பைக்குள் போட்டான்.

"வராந்தால உன் பெஞ்சு அப்படியே கிடக்கு. எடுத்துட்டுப் போயேன்."

"பட்டறையே இல்ல, எங்க கொண்டுபோய்ப் போட? நீங்களே வச்சுக்குங்க. ஒண்ணாவது ஆடாம இருக்கட்டும்."

பிறகு சட்டைப்பையிலிருந்து ஒரு தாளை எடுத்து நீட்டினான். "வேலை திருப்தின்னு கையெழுத்துப் போட்டுக் குடுங்க மேடம். இல்லன்னா எனக்கு இன்னைக்குக் கூலி கிடையாது."

வகுப்பறை முழுக்க பெஞ்சுகள் கோணிக்கொண்டு நின்றன. நாளைக் காலையில் பிள்ளைகள் வந்து அவற்றில்தான் உட்காரும். நெருப்பு என்று பேர் வாங்கியவள் பேனாவைத் திறந்து, எல்லாம் திருப்தி என்று கையெழுத்துப் போட்டாள்.

அவன் தாளை மடித்துப் பையில் வைத்துக்கொண்டான். "வரேன் மேடம்," என்றான்.