கறுப்பு பைப்பு வீடு

பொன்மணி நகரில் நாகஜோதி தன் புது வீட்டில் பால் காய்ச்சிய அன்று, அடுப்பில் நெருப்புக்குப் பதிலாகத் தண்ணீர் வந்தது. ஒத்தக்கடையைத் தாண்டி, மேலூர் சாலையிலிருந்து உள்ளே திரும்பினால், ஆனைமலை முழுசாகத் தெரிகிற இடத்தில் இருக்கிறது பொன்மணி நகர். தக்காளி விலை ஏறிக் கிடந்த வைகாசி மாதம் அது. நல்ல நேரம் பார்த்து, கழுத்தில் மஞ்சள் கொத்து கட்டிய புதுப் பானையை அடுப்பில் ஏற்றி, நாகஜோதி குமிழைத் திருப்ப, அவள் கணவன் அழகுராஜா தீக்குச்சியை உரசினான். பர்னரின் அத்தனை துளைகளிலிருந்தும் தண்ணீர் எழும்பி, குச்சியை அணைத்து, பானையின் அடியை நனைத்து, மேடையில் வழிந்து கூடத்துக்கு ஓடியது. குமிழைக் கூட்டினால் கூடியது, குறைத்தால் குறைந்தது. வெளியே கூண்டுக்குள் நின்ற சிலிண்டர்களில் கேஸ் நிறைந்துதான் இருந்தது. பைப்பின் ஒரு முனையில் கேஸ் நுழைந்தது, மறு முனையில் தண்ணீர் வந்தது. கேஸ் ஏஜென்சியிலிருந்து வந்தவர் மோந்து பார்த்தார், ஒரு சொட்டு நாக்கில் வைத்துப் பார்த்தார், வைகையில் புதுவெள்ளம் வரும்போது இருக்கிற ருசி என்றார். கசிவு என்றால் பார்க்கலாம், இது எங்கள் வேலையில் வராது என்று சொல்லி வண்டியைக் கிளப்பினார்.

பைப்பைக் குறை சொல்ல முடியாது. அது ஜி.ஐ. பைப்பு, உள்ளும் புறமும் துத்தநாகம் பூசியது, வெள்ளிக் கொலுசு போல மினுங்குவது. அதைப் படைத்ததே தண்ணீருக்காக. கேஸுக்குப் பூச்சில்லாத கறுப்பு பைப்புதான் என்பது நாகஜோதிக்கு வேறு யாரையும் விட நன்றாகத் தெரியும். கல்யாணத்துக்கு முன்னும் பின்னுமாகப் பல வருஷம் மாட்டுத்தாவணிப் பக்கம் ஒரு ஓட்டலின் சமையற்கட்டில் நின்றவள் அவள். அங்கே முதலாளி பளபளப்புக்கு ஆசைப்பட்டு ஜி.ஐ. போட்டிருந்தார். உள்பூச்சு செதில் செதிலாக உரிந்து வந்து பர்னர் துளைகளை அடைக்கும். தோசை ஒரு பக்கம் வேகும், ஒரு பக்கம் மாவாகவே கிடக்கும். ஊசியை வைத்துத் துளை குத்திக் குத்தி அவளுடைய வலது கைப் பெருவிரலே காய்த்துப் போயிருந்தது. சொந்தமாக ஒரு சமையற்கட்டு வைத்தால் கறுப்பு பைப்புதான் என்று அப்போதே முடிவு செய்தவள்தான் இந்த வீட்டைக் கட்டினாள். கீழ்த்தளம் முழுக்கச் சமையற்கட்டு, மேலே குடியிருப்பு. ஆனி மாதம் பக்கத்துக் கல்லூரி திறந்ததும் பெண்கள் விடுதிக்கு மதியச் சாப்பாடு அவள்தான் தரவேண்டும் என்று பேசியிருந்தது. அவள் தகப்பன் சுருளி அடுத்தவர் வயலிலேயே பிறந்து அடுத்தவர் வயலிலேயே செத்தவர். அந்தக் குடும்பத்தில் முதல் சிமெண்டு மூட்டை வாங்கியது நாகஜோதி.

பிறகு எப்படி ஜி.ஐ. வந்தது என்றால், தங்கப்பாண்டியால் வந்தது. எதிர் வீட்டுக்காரரான அவர் குடியிருப்போர் சங்கத்தின் தலைவர், நல்லது கெட்டது எல்லாவற்றுக்கும் தானே முன்னால் நிற்பவர். பைப்பு மாட்டுகிற பிட்டர் சூர்யபிரகாஷ் கறுப்பு பைப்புகளைத் தோளில் தூக்கிக்கொண்டு தெருவில் நுழைந்ததுமே வந்துவிட்டார். "புது வீட்டு முகப்புல கறுப்பு ஏறக் கூடாது தாயி. உனக்கு மட்டுமில்ல, தெருவுக்கே ஆகாது" என்றார். அவருடைய கார் கறுப்பு. தலைக்கு அடிக்கும் மை கறுப்பு. அவர் வீட்டு நிலைப்படியில் திருஷ்டிக்குக் கட்டித் தொங்கும் கயிறு கறுப்பு. கண்ணேறு கழிக்கக் கறுப்பு வேண்டும், கண்ணெதிரே குடியிருக்க மட்டும் ஆகாது. இதையெல்லாம் நாகஜோதி அன்றே கேட்டிருப்பாள். டவுன் பஸ் ஓட்டுநரான அழகுராஜா, நாள் முழுக்க ஊரோடு சண்டை போட்டு ஓய்ந்து வருகிறவன், அவளைத் தனியே கூப்பிட்டு, "ஒரு பைப்புக்காகத் தெருவையே பகைச்சுக்கிறதா? பால் காச்சுறதுக்கு நாலு பேரு வரணும்ல" என்றான். அவள் விட்டுக்கொடுத்தாள். தெருக்காரர்கள் வந்தார்கள், வெளிக்கேட்டு வரைக்கும் வந்தார்கள். தாம்பூலப் பையை வாங்கிக்கொண்டு, வேறு ஒரு விசேஷம் இருக்கிறது என்று ஆளாளுக்குச் சொல்லிவிட்டு, ஒரு வாய் காப்பிகூடக் குடிக்காமல் திரும்பினார்கள். அதற்குப் பிறகுதான் அடுப்பில் தண்ணீர் வந்தது.

அந்தக் கோடையில் பொன்மணி நகரில் ஆழ்துளைக் கிணறுகள் எல்லாம் காற்றைத்தான் இறைத்துக்கொண்டிருந்தன. நாகஜோதி வீட்டு அடுப்பில் தண்ணீர் வருகிறது என்று தெரிந்ததும் தெரு மொத்தமும் நீளநீளமான குழாய்களை எடுத்துக்கொண்டு வந்தது. உள்ளே யாரும் வரவில்லை. சன்னல் வழியாகக் குழாயை நீட்டுவார்கள், நாகஜோதி பர்னரில் ஒரு புனலைக் கவிழ்த்து இணைத்துக் கொடுப்பாள். தண்ணீர் கேட்டு வந்தவர்களுக்கு இல்லை என்று சொல்ல அவளுக்கு மனம் வரவில்லை. அவளுக்குச் சமைக்க நெருப்பில்லை. கொல்லையில் விறகு மூட்டி, மாதிரிக்கு ஒரு சாம்பார் வைத்து விடுதிக்குக் கொண்டுபோனாள். புகை வாசம் அடிக்கிறது, கல்லூரி திறப்பதற்குள் சரிசெய்யாவிட்டால் வேறு ஆள் பார்க்க வேண்டியிருக்கும் என்றார்கள். பைப்பை மாற்றலாம் என்று அவள் வாயெடுத்தாலே தெருக்காரர்கள் பதறினார்கள். இம்புட்டுத் தண்ணி குடுக்குற பைப்பைக் கழட்டுவதா, கறுப்பு ஆகாது என்று நாங்கள் சொன்னது எம்புட்டு நல்லதாகப் போயிற்று பார் என்றார்கள். தெருவுக்காக அவள் கொஞ்சம் பொறுத்துக்கொள்ள வேண்டும் என்று சங்கத்தில் ஒருமனதாகப் பேசி முடித்தார்கள். அந்தக் கூட்டத்துக்கு அவளை அழைக்கவில்லை.

ஒருநாள் காலை தங்கப்பாண்டி தன் காரைக் கழுவிக்கொண்டிருந்தார். தண்ணீர் நாகஜோதி வீட்டு அடுப்பிலிருந்து போனது. அதே நேரம் அவர் வீட்டு வாசலில் கேன் வண்டி வந்து நின்று குடிதண்ணீர் கேன்களை இறக்கியது. நாகஜோதி தெருவின் இரு பக்கமும் பார்த்தாள். எல்லா வாசலிலும் காலிக் கேன்கள் அடுக்கியிருந்தன.

"எங்க வீட்டுத் தண்ணிய நீங்க குடிக்கிறதில்லையாண்ணே?" என்று கேட்டாள்.

"குடிக்கத்தேன் கேன் வருதே தாயி. இது கார் கழுவ, செடிக்கு ஊத்த. ஒவ்வொண்ணுக்கும் ஒரு தண்ணி இருக்குல்ல" என்றார் தங்கப்பாண்டி. அவர் குரலில் ஒரு கோபமும் இல்லை. அதுதான் அவளுக்குத் தாங்கவில்லை. கிணற்று மேட்டுக்குக் கீழே குனிந்து நின்று, மேலிருந்து அடுத்தவர் ஊற்ற ஊற்றக் கையேந்திக் குடித்த தகப்பனின் பிள்ளை அவள். ஊற்றுகிற இடத்துக்கு வந்த பிறகும் தண்ணீருக்கு இவர்கள் தரம் பிரிக்கிறார்கள் என்றால், இவர்களுக்காக நெருப்பில்லாமல் இருப்பதற்கு அவளுக்கு என்ன தலையெழுத்து?

உள்ளே போய்க் குமிழை மூடினாள். தங்கப்பாண்டியின் கையில் இருந்த குழாய் துவண்டது. சூர்யபிரகாஷுக்குப் போன் போட்டு, கறுப்பு பைப்பைக் கொண்டுவரச் சொன்னாள். பரவையிலிருந்து அவன் வந்து சேர்வதற்குள் கேட்டு முன்னால் தெரு கூடிவிட்டது. தெருவுக்கே சோறு போடுகிற பைப்பைக் கழட்டுகிறாள் என்று ஒருவர் கத்தினார். சோறு போடுவதற்கு அவளுக்குத்தான் அடுப்பில்லை என்பது அவர் நினைவுக்கு வரவில்லை. கழட்டிய ஜி.ஐ. பைப்பை நாகஜோதியே இழுத்துவந்து நடுத்தெருவில் போட்டாள். "நீங்க ஆசைப்பட்ட பைப்பு. எடுத்துக்கிட்டுப் போங்க" என்றாள். எடுத்துக்கொண்டுதான் போனார்கள். சங்கக் கட்டடத்தில் சிலிண்டரை இணைத்துப் பார்த்தபோது அதிலிருந்து வெறும் கேஸ்தான் வந்தது. இப்போது அதை வாசலில் நட்டு, சுதந்திர தினத்துக்கும் குடியரசு தினத்துக்கும் கொடி ஏற்றுகிறார்கள்.

"அக்கா, பின்பக்கமாக் கொண்டுபோயிரவா? தெருவுல தெரியாது" என்றான் சூர்யபிரகாஷ்.

"முன்னாடியே போகட்டும். வாரவுக போறவுக எல்லாரும் நல்லாப் பாக்கட்டும்."

ஆகவே கறுப்பு பைப்பு கூண்டிலிருந்து கிளம்பி, முகப்புச் சுவரில் வாசலுக்குக் குறுக்கே நெற்றிக்கு நேராக ஓடி, சமையற்கட்டுக்குள் நுழைந்தது. கேஸ் பைப்புக்கு மஞ்சள் அடிப்பது வழக்கம். சூர்யபிரகாஷும் அடித்தான். விடிந்து பார்த்தால் மஞ்சள் முழுவதும் பாம்பு சட்டை உரித்ததுபோல் சுவரோரம் கிடந்தது, பைப்பு கறுப்பாகவே இருந்தது. சந்தன நிறம் அடித்தால் நாங்கள் ஒத்துக்கொள்கிறோம் என்று தங்கப்பாண்டி சொல்லியனுப்பினார். அதையும் அடித்துப் பார்த்தார்கள், அதுவும் உரிந்தது. "அதுக்கே இஷ்டமில்லைன்னா நான் என்ன செய்ய" என்று சொல்லி நாகஜோதி தூரிகையைத் தூக்கி எறிந்தாள். பைப்பில் இன்றுவரை ஒரு பொட்டுத் துரு இல்லை.

இரண்டாம் முறை பால் காய்ச்ச நாள் குறித்தாள். வெற்றிலை பாக்குத் தட்டுடன் வீடு வீடாகப் போய், அழகுராஜாவையும் கூட்டிக்கொண்டு போய் அழைத்தாள். வருகிறோம் என்றார்கள். சொந்தக்காரர்கள் வேன் பிடித்து வந்தார்கள், தெருவிலிருந்து ஒரு ஆள் வரவில்லை. நீலமாக, சீராக எரிந்தது அடுப்பு. பால் கிழக்குப் பார்த்துப் பொங்கி வழிந்தது. குலவைச் சத்தம் ஒத்தக்கடை பஸ் நிறுத்தம் வரை கேட்டது. அன்று மாலையிலிருந்து பொன்மணி நகரில் வேறு எந்த வீட்டிலும் பால் காயவில்லை.

கேஸ் அடுப்பில் வைத்தார்கள், மின் அடுப்பில் வைத்தார்கள். பக்கத்தில் வைத்த தண்ணீர் தளதளவென்று கொதித்தது, பால் மட்டும் கறந்தபடியே இருந்தது. பால்காரரைத் திட்டினார்கள். அதே பாலைத் திருநகரில் மகள் வீட்டுக்குக் கொண்டுபோய் வைத்த ஒருவர், அங்கே அது சட்டென்று பொங்கியதைப் பார்த்துவிட்டு வந்து பால்காரரைத் திட்டுவதை விட்டார். முதலில் நாகஜோதி வீட்டுக் கேட்டைத் திறந்தது தங்கப்பாண்டியின் மருமகள் திவ்யா. இடுப்பில் அழுகிற குழந்தை, கையில் பால் சட்டி. நாகஜோதி சட்டியை வாங்கி ஏற்றினாள், பால் பொங்கியது. குழந்தைக்கு ஆற்றிக் கொடுத்துவிட்டு, "உக்காரு. நீயும் ஒரு வாய் காப்பி குடிச்சிட்டுப் போ" என்றாள். திவ்யா உட்கார்ந்து குடித்தாள். மறுநாள் தெருவே சட்டியோடு வந்தது. அதில் சிலர் கேட்டுக்கு வெளியே நின்று சட்டியை நீட்டினார்கள். நாகஜோதி இடுப்பில் கைவைத்து நின்று எல்லாருக்கும் கேட்கும்படி சொன்னாள்: "வாசல்ல வாங்குறதில்ல, வாசல்ல குடுக்குறதில்ல. உள்ள வரணும், உக்காரணும், எங்க வீட்டு டம்ளர்ல ஒரு வாய் குடிக்கணும். அதுக்குப் பெறகு சட்டியத் தூக்கலாம். அம்புட்டுத்தேன்." முணுமுணுத்தார்கள், செருப்பைக் கழற்றினார்கள், வந்தார்கள்.

ஆனியில் கல்லூரி திறந்தது, விடுதிப் பெண்களுக்கு அவள் சாப்பாடு போனது, அடுத்த வருஷம் இன்னொரு விடுதியும் சேர்ந்தது. பைப்புக்குக் கீழே நடை பழகிய திவ்யாவின் பிள்ளை பள்ளிக்கூடம் போக ஆரம்பித்தது. தங்கப்பாண்டி மட்டும் அத்தனை காலமும் வரக்காப்பி குடித்துக்கொண்டிருந்தார். பால் உடம்புக்கு ஆகாது என்று டாக்டர் சொன்னதாகச் சொல்லிக்கொண்டார். எந்த டாக்டர் என்று யாரும் கேட்கவில்லை. பிறகு அவர் மாடி எடுத்துக் கட்டினார். பால் காய்ச்ச நாள் வைத்து, பரவையிலிருந்து பங்காளிகள், திண்டுக்கல்லிலிருந்து சம்பந்தி வீட்டார் என்று கூட்டம் நிறைந்திருந்தது. பானையை ஏற்றினார்கள். நல்ல நேரம் போய்க்கொண்டே இருந்தது, பால் குளம் மாதிரி அசையாமல் கிடந்தது. சம்பந்தியம்மா வாயைப் பொத்திக்கொண்டு பக்கத்தில் இருந்தவளிடம் என்னவோ சொன்னாள். தங்கப்பாண்டி துண்டை இடுப்பில் கட்டி, பானையை இரண்டு கையாலும் தூக்கிக்கொண்டு, பட்டு வேட்டியோடு தெருவைக் கடந்தார்.

கேட்டுக்கு வெளியே நின்று, "நாகஜோதி, இந்தப் பாலக் கொஞ்சம்..." என்றார்.

சாம்பார் அண்டாவைக் கிண்டிக்கொண்டிருந்த நாகஜோதி திரும்பவில்லை. "உள்ள வாங்கண்ணே. வாசல்ல வாங்குறதில்ல."

எதிரே சொந்தபந்தம் முழுக்க மாடியில் வரிசையாக நின்று பார்த்துக்கொண்டிருந்தது. அவர் செருப்பைக் கழற்றினார். நெற்றி உயரத்தில் ஓடிய கறுப்பு பைப்புக்குக் கீழே குனிந்து உள்ளே போனார். பானை ஏறியது, பால் பொங்கியது. முதல் கரண்டியில் நாகஜோதி காப்பி கலந்து, தன் வீட்டு டம்ளரில் அவர் முன்னால் வைத்தாள். அவர் டம்ளரைப் பார்த்தார், அவளைப் பார்த்தார். அவள் பார்வையைத் தாழ்த்தவில்லை. அவர் எடுத்து, அண்ணாந்து ஊற்றாமல், உதட்டில் வைத்துக் குடித்தார்.

"சீனி கம்மி" என்றார்.

"அதச் சொல்றதுக்கு இம்புட்டு வருசமாண்ணே?" என்று அவள் இன்னொரு கரண்டி சீனி போட்டாள்.

பொன்மணி நகரில் இன்றும் பால் அங்கேதான் காய்கிறது. பின்னால் வீடு கட்டியவர்கள் எல்லாரும் கேஸுக்குக் கறுப்பு பைப்பே போட்டார்கள். அவை நன்றாக எரிகின்றன, இருந்தாலும் பால் காய்வதில்லை. அங்கே புதுமனை புகுவிழாப் பத்திரிகைகளில் இடம் என்று இரண்டு அச்சடிக்கிறார்கள். விருந்து அவரவர் இல்லத்தில். பால் காய்ச்சுவது நாகஜோதி இல்லத்தில், அடையாளத்துக்குப் பக்கத்திலேயே கறுப்பு பைப்பு வீடு என்றும் போடுகிறார்கள். கீழே, நல்வரவை விரும்பும் பெயர்களில் சங்கத் தலைவர் தங்கப்பாண்டியின் பெயரும் இருக்கிறது. வெளியூர்க்காரர்கள் முதலில் அந்த வீட்டுக்குள் போய் உட்கார்ந்து காப்பி குடித்துவிட்டுத்தான் விருந்துக்குப் போகிறார்கள்.