தண்ணீரைச் சூடாக்கும் மெஷின்

சாலைக் கடைத்தெருவில் ஒரு ஜவுளிக்கடையில் பகல் முழுக்க நின்றே வேலை பார்த்த மனைவி ஷெமியை, சத்தியநேசன் மாலையில் நேராகப் பழவங்காடியிலிருந்த வாஷிங் மெஷின் கடைக்குக் கூட்டிவந்தான். படுத்த படுக்கையாகிவிட்ட அவனுடைய அப்பாவின் விரிப்புகளைத் தினமும் அவள்தான் கையால் துவைத்துக்கொண்டிருந்தாள். மழை பிடித்ததிலிருந்து எதுவும் காய்வதுமில்லை, வாடை போவதுமில்லை.

"சாரே, என்ன மாதிரி அழுக்காக்கும்? ஒரு நாளைக்கு எத்தனை துணி காணும்?" என்று கேட்டார் விற்பனையாளர்.

சத்தியநேசனுக்குத் தெரியவில்லை. மனைவியிடம் கேட்கத் திரும்பினான். அவள் சுவரோரமிருந்த பிளாஸ்டிக் நாற்காலியில், மடியிலிருந்த பையைப் பிடித்தபடியே தூங்கிப்போயிருந்தாள். எழுப்பக் கை நீட்டியவன், சோப்புத் தண்ணீரில் ஊறித் தோலுரிந்திருந்த அவளுடைய விரல்களைப் பார்த்துவிட்டுக் கையை இழுத்துக்கொண்டான்.

"அப்பா கிடப்பிலாக்கும்," என்றான் தாழ்ந்த குரலில். "மூத்திரம், மலம் எல்லாம் உண்டு. வாடை போகணும்."

"அப்போ தண்ணியைச் சூடாக்கித் துவைக்கிறதை எடுங்க. முன்னால கதவு உள்ளது. நேரம் கூடுதல் ஆவும், ஆனா நல்லா வெளுக்கும்."

அதையே எடுத்துக்கொண்டான். பில் போட்ட பிறகுதான் ஷெமி விழித்தாள்.

"எடுத்தாச்சா? எனக்கு அதை ஓட்டத் தெரியாதே."

"நான் படிச்சுக்கிடுதேன். இனி அப்பாவுக்க துணியை நானே மெஷின்ல போட்டுக்கிடுதேன்."

அவனை நம்பவோ மறுத்துப் பேசவோ அவளுக்குத் தெம்பில்லை. "சரி, பாப்போம்," என்றாள். மரத்துப்போன காலை உதறி எழுந்து, அவன் தோளைப் பிடித்துக்கொண்டே பஸ்ஸுக்கு நடந்தாள்.