கிரவீனில் பார்க்க வேண்டிய இடம்

"ஐயோ, உள்ளுக்குப் போங்கோ பவளம்! உள்ளுக்குப் போங்கோ!"

வான் கண்ணாடியை இறக்கிக் கமலினி கத்திய கத்தலில், எதிர்வீட்டு வெள்ளைக்காரக் கிழவர் புல்வெட்டும் மெஷினை நிறுத்திவிட்டார். யாரோ சக்கரத்துக்குள் அகப்பட்டுவிட்டதாக நினைத்திருப்பார். யாரும் அகப்படவில்லை. பவளம் தேத்தண்ணிப் பிளாஸ்கோடு வாசலுக்கு வந்துவிட்டாள், அவ்வளவுதான். புளூ மவுன்டன்சில் குளிருமே, மறந்துவிட்டுப் போகிறார்களே என்று ஓடிவந்தவள், பின்பக்கமாக நகர்ந்துகொண்டிருந்த வானுக்கு நேரெதிரே நின்றாள். வானுக்குள் இருந்த பதினொரு பேரும் அவளை நன்றாகப் பார்த்துவிட்டார்கள்.

யாழ்ப்பாணத்தில் இதற்கு முழுவியளம் என்று பேர். புறப்படும்போது முதலில் எதிர்ப்படுகிற முகம். நிறைகுடத்தோடு ஒரு சுமங்கலி வந்தால் நல்லது. பசு வந்தாலும் நல்லது. தாலி அறுத்தவள் வந்தால் போகிற காரியம் விளங்காது. பவளத்தின் புருஷன் 2009இல், சண்டையின் கடைசி மாதத்தில் ஷெல் குண்டு விழுந்து செத்தவன். மூன்று வருஷம் ஆகிவிட்டது. ஏழு கடல் தாண்டிச் சிட்னியின் கிரவீனுக்கு வந்தும் அவள் முகத்தில் அந்தத் தோஷம் விசா ஒன்றும் இல்லாமலே கூட வந்து இறங்கிவிட்டது.

இனிப் பரிகாரம் செய்ய வேண்டும். வான் திரும்ப உள்ளே வந்தது. பதினொரு பேரும் இறங்கினார்கள். வீட்டுக்குள் போய் ஆளுக்கொரு கதிரையில் ஐந்து நிமிஷம் இருந்தார்கள். ஆளுக்கு ஒரு மிடறு தண்ணீர் குடித்தார்கள். அவர்களில் ஒருவர் மெல்பேர்ணில் இருதய டொக்டர். அவரும் மிகுந்த பக்தியோடு குடித்தார். அதுவரை பவளம் உடுப்புத் தோய்க்கிற அறைக்குள் கதவைச் சாத்திக்கொண்டு நின்றாள். ஒருவரும் அவளை அதற்குள் போகச் சொல்லவில்லை. அவளுக்கே தெரியும்.

அண்ணன் கணேசலிங்கம் கதவடியில் வந்து மெல்லச் சொன்னார்.

"குறை நினையாதை பிள்ளை. எனக்கு உதுகளில ஒரு துளி நம்பிக்கையும் இல்லை. கமலினிதான்..."

அவர் மனைவி கமலினியைக் கேட்டால், "எனக்கென்ன மச்சாள், சம்பந்தி வீட்டுக்காரர் என்ன நினைப்பினமோ எண்டுதான்" என்பாள். சம்பந்தி வீட்டைக் கேட்டால் ஊரைச் சொல்லும். ஊர் ஷெல் அடித்துத் தரைமட்டமாகிக் கிடக்கிறது; அதனிடம் போய்க் கேட்க முடியாது.

கணேசலிங்கம் சாதாரண ஆளில்லை. மேற்கு சிட்னித் தமிழர் மறுமலர்ச்சி மன்றத்தின் தலைவர். போன மார்ச்சில், 'புலம்பெயர் மண்ணில் பெண் விடுதலை' என்ற பொருளில் ஒன்றே கால் மணி நேரம் பேசினார். 'கைம்மை என்னும் கொடுமை' என்று அவர் குரல் தழுதழுத்தபோது சபையில் இரண்டு பேர் கண்ணைத் துடைத்தார்கள். நூற்றிருபது பேருக்கு வடை சுட்டுக்கொண்டு மண்டபத்தின் பின்பக்கக் குசினியில் நின்ற பவளத்துக்கு, எண்ணெய்ச் சத்தத்தில் ஒன்றும் சரியாகக் கேட்கவில்லை.

இப்போது வீட்டில் இன்னும் வேலை கூட. அண்ணன் மகள் சிவாஜினிக்குக் கனடா மாப்பிள்ளை சரிவந்திருக்கிறது. மாப்பிள்ளையின் தாய் ரொறன்ரோவிலிருந்து சொந்தக்காரர்களோடு மூன்று கிழமைக்கு வந்து நிற்கிறார். மிஸஸ் ஈஸ்வரமூர்த்தி என்றுதான் எல்லாரும் சொல்வார்கள். மிஸ்டர் ஈஸ்வரமூர்த்தி இறந்து ஆறு வருஷம். ஆனால் மிஸஸுக்கு ரொறன்ரோவில் இரண்டு வீடு. அதனால் வானில் எப்போதும் முன் சீற். புறப்படும்போது அவர் முகத்தில் முழித்துத்தான் எல்லாரும் புறப்பட்டார்கள். ஒருவருக்கும் ஒன்றும் ஆகவில்லை.

வான் இரண்டாம் தரம் போன பிறகு பவளம் வெளியே வந்தாள். பிளாஸ்க் மேசையில் அப்படியே இருந்தது.

பின்னேரம் சாப்பாட்டுப் பெட்டிகள் திரும்பி வந்தன. சிட்னியைப் பவளம் அறிந்தது இந்தப் பெட்டிகளால்தான். பொண்டாய்க் கடற்கரை என்றால் புட்டுக்குள் மணல். புளூ மவுன்டன்ஸ் என்றால் காய்ந்த இலை. ஹாபர் என்றால் கடற்காக்கை கொத்திய பாண். எல்லா இடத்துக்கும் பொதுவாக, சப்பித் துப்பிய கோழி எலும்பும், மூக்குச் சீறிய ரிசுப் பேப்பரும் கறிக்குள் ஊறிக்கிடக்கும். குப்பைத் தொட்டி எல்லா இடத்திலும் இருக்கிற நாடு இது. ஆனாலும் வீட்டில் கழுவ ஆளிருக்கும்போது குப்பைத் தொட்டியைத் தேடுவானேன்? பெட்டி மூலையில் ஒட்டிக்கிடந்த யாரோ ஒருவரின் பல்லிடுக்கு இறைச்சியை விரலால் தோண்டி எடுக்கையில் அவளுக்குக் குமட்டிக்கொண்டு வந்தது. கையைச் சவர்க்காரம் போட்டு மூன்று தரம் கழுவினாள். குமட்டல் கையில் இல்லை.

திங்கள் முதல் வியாழன் வரை ஒன்பதரைக்கு அவளுக்கு ஆங்கில வகுப்பு. புதிதாக வந்தவர்களுக்கு அரசாங்கம் இலவசமாகக் கொடுக்கிற ஐந்நூற்றுப் பத்து மணி நேரம். செவன் ஹில்ஸ் ஸ்ரேசனுக்குப் பக்கத்தில், ஒரு தேவாலய மண்டபத்தின் பின்னறை. ரீச்சர் ஹெலன், அறுபது வயது, கழுத்தில் கண்ணாடிக் கயிறு. இந்தத் தவணைக் கடைசிப் பரீட்சை ஒரு பேச்சு: வெளிநாட்டிலிருந்து வரும் நண்பருக்கு, பார்க்க வேண்டிய இடமொன்றைச் சிபாரிசு செய்ய வேண்டும். பலகையில் நாலு தலைப்பு எழுதிப் போட்டிருந்தாள். எங்கே? எதற்குப் பேர்போனது? எப்போது போகலாம்? நுழைவுக் கட்டணம் எவ்வளவு?

பேச்சில் பாஸ் பண்ணினால் முதியோர் பராமரிப்புப் படிப்பில் சேர ஹெலன் கடிதம் கொடுப்பாள். அந்தப் படிப்பு முடித்தவர்களுக்கு வேலை நிச்சயம். வேலை கிடைத்தால் வாடகைக்கு ஒரு அறை. அறை கிடைத்தால், ஒருவர் புறப்படும்போது தான் எங்கே ஒளிவது என்று யோசிக்கத் தேவையில்லை. பவளம் இந்தக் கணக்கை யாருக்கும் சொல்லவில்லை.

பேச்சை அண்ணனே எழுதிக் கொடுத்தார். ஒபேரா ஹவுஸ். ஒன்றரைப் பக்கம். முதல் வசனமே மூச்சுவிடாமல் ஆறு வரி ஓடியது. 'கட்டடக் கலையின் காலங்கடந்த உன்னதம்' என்று ஆங்கிலத்தில் எத்தனை விதமாகச் சொல்லலாமோ அத்தனை விதமாகவும் சொல்லியிருந்தார். பவளம் பாத்திரம் கழுவிக் கழுவி அதைப் பாடமாக்கினாள். ஒத்திகை நாளில் கடகடவென்று ஒப்பித்தும் விட்டாள்.

ஹெலன் பொறுமையாகக் கேட்டாள். பிறகு ஒரே ஒரு கேள்வி: "அந்தப் படிக்கட்டில் நின்றால் காற்று எப்படி இருக்கும்?"

பவளத்துக்குத் தெரியவில்லை.

"நீ அங்கே போகவில்லையா?"

இல்லையென்று தலையாட்டினாள்.

"வேறு எங்கே போயிருக்கிறாய்?"

யோசித்துப் பார்த்தாள். தமிழ்க் கடை. மண்டபக் குசினி. டொக்டர். வகுப்பு.

"நீ கண்ணால் பார்த்ததைச் சொன்னால்தான் மார்க்ஸ்" என்றாள் ஹெலன் அன்பாக. "பெரிய இடமாக இருக்க வேண்டியதில்லை. பார்க்காததை மட்டும் சிபாரிசு செய்யாதே."

பக்கத்துக் கதிரை ஜெய்னம்பு, அக்கரைப்பற்று முஸ்லிம் பெண், ஆபர்னில் தான் இறைச்சி வாங்குகிற கடையைச் சிபாரிசு செய்து, கத்தியின் நீளம்வரை சொல்லி ஒத்திகையிலேயே முழு மார்க்ஸ் வாங்கியிருந்தாள். இடைவேளையில் பவளத்தின் முழங்கையைப் பிடித்தாள்.

"என்ன புள்ள, வந்து ரெண்டு வருசம், கடலக் கண்ணால காணல்லியா? ஒங்கட ஊட்டு வான்தான் கிழமைக்கிக் கிழமை ஓடுதே!"

பவளம் அப்போதுதான் முதல்முறையாக ஒருவரிடம் முழுவியளத்தைச் சொன்னாள். தண்ணீர் குடித்த இருதய டொக்டர்வரை சொன்னாள். ஜெய்னம்பு வாயைப் பொத்திக்கொண்டு சிரித்தாள். பிறகு சிரிப்பு நின்றுவிட்டது.

"புருசன் செத்தா நாங்களும் இத்தா எண்டு ஊட்டுக்குள்ள இரிக்கிறதான். எங்கட ஊட்டுலயும் கிறுக்குகள் இல்லாமலில்ல. ஆனா நாலு மாசம் பத்து நாள்ல அது முடிஞ்சிரும் புள்ள. ஒங்களுக்கு எப்ப முடியும்?"

பவளத்தின் முழங்கையை விடாமலே ஜெய்னம்பு தொடர்ந்தாள்.

"மகள் கலியாணம் முடிச்சுப் போனதில ஒரு ரூம் சும்மா கிடக்கு. நான் சொல்லிப்போட்டன். மறுகா ஒங்கட விருப்பம்."

கடைசி நாள் குடும்பத்தவர்களும் வரலாம் என்று ஹெலன் கடிதம் கொடுத்திருந்தாள். பவளம் அதை ஒளித்துத்தான் வைத்தாள். கமலினி பையைத் துழாவிக் கண்டுபிடித்துவிட்டாள். மற்றவர்களென்றால் இதற்கெல்லாம் லீவு போட மாட்டார்கள். கணேசலிங்கம் சபை என்று எதைக் கண்டாலும் விடமாட்டார்.

"கைம்பெண் சகோதரியைப் படிப்பிச்ச தமையன் எண்டு மன்ற மலரில ஒரு படம் போடலாம்" என்றார். "சம்பந்தியம்மாவும் வாங்கோ. எங்கட முற்போக்கைக் கொஞ்சம் பாருங்கோ. அங்கயிருந்து அப்பிடியே கூறைக் கடைக்குப் போவம்."

வந்தார்கள். அவர் கோட் போட்டிருந்தார். கையில் ஜரிகை பிடித்த பொன்னாடை ஒன்று, ஹெலனுக்குப் போர்த்துவதற்காம். கமலினியிடம் கமரா. மிஸஸ் ஈஸ்வரமூர்த்தி முன்வரிசையில் நடுக் கதிரையில் அமர்ந்து, பவளம் முன்னிரவு சுட்ட முறுக்கைக் கைப்பையிலிருந்து எடுத்துக் கடித்துக்கொண்டிருந்தார்.

பவளத்தின் முறை வந்தது. அண்ணனின் ஒன்றரைப் பக்கம் அவள் கையில் இருந்தது. அதை ஒப்பித்தால் வீட்டில் நிம்மதி, பரீட்சையில் தோல்வி. கணேசலிங்கம் தன்னுடைய முதல் வசனத்துக்காக வாயை அசைத்துக்கொண்டு காத்திருந்தார். முறுக்குத் துகள் ஒன்று மிஸஸின் உதட்டில் ஒட்டியிருந்தது. பவளம் தாளை மேசையில் கவிழ்த்து வைத்தாள்.

அவளுடைய ஆங்கிலம் சின்னச் சின்ன வசனம். தமிழில் சொன்னால் இவ்வளவுதான்:

"நான் கிரவீனில் ஒரு வீட்டைச் சிபாரிசு செய்கிறேன். அது செங்கல் வீடு. ஐந்து அறை. அங்கே சனிக்கிழமை காலையில் போங்கள். எட்டு மணி நல்ல நேரம். நுழைவு இலவசம். அந்த வீடு தண்ணீர் குடிப்பதற்குப் பேர்போனது. ஒரு வான் புறப்படும். ஒரு பெண் தேநீர் கொண்டு வருவாள். அவள் புருஷன் இறந்துவிட்டான். அதனால் பதினொரு பேர் இறங்கித் தண்ணீர் குடிப்பார்கள். ஒருவர் டொக்டர். அந்தப் பெண் உடுப்புத் தோய்க்கும் அறையில் நிற்பாள். பிறகு வான் போகும். நீங்கள் இதை வேறு நாட்டில் பார்க்க முடியாது. நான் பார்த்திருக்கிறேன். அந்தப் பெண் நான்தான்."

 ஈராக்கியர் ஒருவர் இது பகிடியா என்று பக்கத்து ஆளைக் கேட்டார்.

ஹெலன் கண்ணாடியைக் கழற்றினாள். பரீட்சை விதிப்படி ஒரு கேள்வி கேட்டாக வேண்டும்.

"அந்த வீட்டில் புருஷனை இழந்தவள் நீ மட்டும்தானா?"

"இல்லை" என்றாள் பவளம். "இன்னொருவர் விருந்தாளியாக இருக்கிறார். அவருக்கு ரொறன்ரோவில் இரண்டு வீடு. அவர் முன் சீற்றில் இருப்பார்."

முறுக்குக் கடிக்கும் சத்தம் நின்றது.

மிஸஸ் ஈஸ்வரமூர்த்தி எழுந்தபோது, பவளத்தின் மனம் ஒரு கணம் எதையோ எதிர்பார்த்தது. புருஷனை இழந்த ஒருத்தி மற்றவளுக்காக ஒரு சொல் சொல்வாள் என்று ஒரு பைத்தியக்கார நம்பிக்கை.

"எவ்வளவு கொழுப்பு பாருங்கோ!" என்றார் மிஸஸ். "சபையில வைச்சு என்னை விதவை எண்டுறாள்! கணேசலிங்கம், உங்கட வீட்டில தின்னுறவளின்ரை வாயை நீங்கள் அடக்கேல்லையெண்டால், எங்கட பெடியனுக்குப் பொம்பிளை இல்லாமலில்லை!"

"சம்பந்தியம்மா, சம்பந்தியம்மா..." கணேசலிங்கம் பதறிப்போய், ரீச்சருக்குக் கொண்டுவந்த பொன்னாடையைச் சம்பந்தியின் தோளில் போர்த்திவிட்டார். அவசரத்தில் வேறு என்ன செய்வதென்று அந்தப் பகுத்தறிவாளருக்குத் தோன்றவில்லை. கமலினி பழக்க தோஷத்தில் படமும் எடுத்துவிட்டாள்.

பிறகு அவர் தங்கையின் பக்கம் திரும்பினார். மேடைக் குரல் எங்கோ போய்விட்டது.

"சோறு போட்ட கையைக் கடிச்சுப்போட்டாய் என்ன? வா, வீட்டை போய்க் கதைப்பம்."

ஹெலனுக்குத் தமிழ் விளங்காது. ஆனால் அந்தக் குரல் விளங்கியது. அவள் இருவருக்கும் நடுவே வந்து நின்று, படிவம் ஒன்றைப் பவளத்திடம் நீட்டினாள்.

"பாஸ். கடிதம் இரண்டு கிழமையில் வீட்டுக்கு வரும். இதில் உன் விலாசத்தை எழுது."

பவளம் பேனையை எடுத்தாள். பின்வரிசையைத் திரும்பிப் பார்த்தாள். ஜெய்னம்பு தன் அடையாள அட்டையை எடுத்து, விலாசம் தெரியும்படி மேசையில் வைத்தாள். பவளம் அதைப் பார்த்து ஒவ்வொரு எழுத்தாக எழுதினாள். நேரம் எடுத்தது. கணேசலிங்கம் எட்டிப் பார்த்தார்.

"உது செவன் ஹில்ஸ் எல்லோ? எங்கட விலாசம் இல்லையே உது."

"ஓம் அண்ணை" என்றாள் பவளம். அஞ்சல் இலக்கத்தையும் எழுதி முடித்துவிட்டுப் பேனையை மூடினாள்.