ஜன்னலோரக் கட்டில்காரரின் மனைவி

…கோப்பையை அப்படியே கறையோடு அலமாரியில் வைத்திருக்கலாம், ரோமான் என்ன சொல்லிவிடப் போகிறான், முப்பத்தெட்டு வருடத்தில் ஒரு நாளாவது கோப்பையில் கறை இருக்கிறது என்று சொல்லியிருக்கிறானா, ஆனால் உர்சூலாவுக்குக் கை சும்மா இருக்காது, டாக்டர்கள் வருகிறார்கள், கொஞ்ச நேரம் வெளியே இருங்கள் என்று நர்ஸ் சொன்னதும் கோப்பையைத் தூக்கிக்கொண்டு தாழ்வாரத்தின் கோடிக்கு, வெந்நீர்க் கெட்டிலும் கழுவுதொட்டியும் இருக்கிற அந்த மூலைக்கு வந்துவிட்டாள், காலில் மாட்டியிருந்த நீல பிளாஸ்டிக் உறை அடிக்கு அடி சரசரத்தது, தோளில் கிடக்கிற இந்தக் குளிர்காலக் கோட்டை வார்டுக்கு வெளியிலேயே மாட்டிவிட்டு வரச் சொல்வார்கள், இன்று யாரும் சொல்லவில்லை, முதல் பஸ்ஸைப் பிடித்து எழுபது கிலோமீட்டர் வருகிறவள் என்று தெரிந்துவிட்டது போலிருக்கிறது, பார்வை நேரம் மூன்று மணிக்கு மேல்தான், ஆனாலும் விடுகிறார்கள்… நம் ஊர் ஆஸ்பத்திரியாக இருந்தால் நடந்தே வந்திருப்பாள், அங்கே போன வருடமே பொது மருத்துவ வார்டைப் பூட்டிவிட்டார்கள், டாக்டர் இல்லையாம், இருந்த இரண்டு பேரில் ஒருவர் ஓய்வு, ஒருவர் ஜெர்மனி, இப்போது மூச்சு முட்டினாலும் மஞ்சள் காமாலை வந்தாலும் எல்லோரும் இந்த மாகாண ஆஸ்பத்திரிக்குத்தான், சுற்றுவட்டாரத்தில் வேறு எங்கும் பார்க்க முடியாததெல்லாம் இங்கேதான் வந்து சேர்கிறது, அதனால்தானே பிள்ளைகள் படிக்கிறதும் இங்கே, படிக்க நோய் வேண்டாமா… ஆறு பேர், வெள்ளைக் கோட்டு, கழுத்தில் புத்தம்புது ஸ்டெதாஸ்கோப், அவர்களை மேய்த்துக்கொண்டு டாக்டர் கோர்ஸ்கா, குள்ளமான பெண்மணி, மூக்குக்கண்ணாடியை நெற்றிக்கு ஏற்றி வைத்திருப்பார், “ரோமான் ஐயா, இந்தப் பிள்ளைங்க உங்க வயித்தைத் தொட்டுப் பார்க்கலாமா, வேண்டாம்னா வேண்டாம்னு சொல்லிடுங்க” என்று கேட்டார், வெளியே வந்துவிட்டவள் கதவிடுக்கில் பார்த்தாள், அவன் சட்டையை உயர்த்திக்கொண்டே சொன்னான், “பார்க்கட்டும் டாக்டர், வயித்துக்கு வேற வேலையும் இல்ல, சாப்பாடுதான் உள்ள போகமாட்டேங்குதே.” பிள்ளைகள் சிரித்தன. எல்லோரையும் சிரிக்கவைப்பான், மரவாடியில் வேலை பார்த்த காலத்திலிருந்தே அப்படித்தான்.

கோப்பை எப்போதோ சுத்தமாகிவிட்டது, அவள் இன்னும் தேய்த்துக்கொண்டிருந்தாள், அப்போதுதான் அவர்கள் அறையைவிட்டு வெளியே வந்து திருப்பத்துக்கு அந்தப் பக்கம் நின்றார்கள், கதவைச் சாத்துகிற சத்தம், பிறகு டாக்டர் கோர்ஸ்காவின் குரல், தணிந்துதான் இருந்தது, ஆனால் இந்தத் தாழ்வாரம் பழைய காலத்து உயரக் கூரை, கிசுகிசுத்தாலும் கடைசிவரைக்கும் வந்துவிடும்… ஜன்னலோரக் கட்டில், யார் சொல்றீங்க, என்ன தட்டுப்பட்டுது? ஒரு பையன் சொன்னான், ஈரல் நாலு விரல் இறங்கியிருக்கு, கல்லு மாதிரி, மேடும் பள்ளமுமா. ஸ்கேன்? கணையத்துல ஆரம்பிச்சிருக்கு, ஈரல் முழுக்கப் பரவிடுச்சு. ஆபரேஷன்? முடியாது. அப்ப எவ்வளவு காலம்? டாக்டர் கேட்பது பிள்ளைகளுக்கான பாடமென்று தெரிந்தும், தண்ணீரை நிறுத்தாமல் இருந்தால் காதில் விழாது என்று தெரிந்தும், அவள்தானே குழாயை மூடினாள், ஏன் மூடினாள்… “மூணு மாசம்?” என்றது ஒரு பெண் குரல், பரீட்சையில் விடை தெரியாமல் சொல்வது போல, கேள்வியாக. “கிட்டத்தட்ட. ஆனா கட்டில் பக்கத்துல போய் இந்த நம்பரைச் சொல்லிடாதே. உட்கார்ந்து, முதல்ல அவங்களுக்கு என்ன தெரியும்னு கேளு. அவருக்கு நான் இன்னும் சொல்லல, மனைவியையும் வெச்சுத்தான் சொல்லணும்” என்றார் டாக்டர், குரலில் கடுமை இல்லை, பாவம், நன்றாகத்தான் சொல்லித்தருகிறார், முதலில் அவர்களுக்கு என்ன தெரியும் என்று கேட்கவேண்டும்… அவளுக்கு என்ன தெரியும்? மஞ்சள் காமாலை, பித்தப்பையில் கல்லாக இருக்கலாம் என்று ஊரில் சொன்னார்கள், கல் என்றால் எடுத்துவிடலாம். போன வாரம் கல்லறைத் திருநாளுக்குச் செவ்வந்தி வைக்கப் போனபோது அவன் தண்ணீர் வாளியைப் பாதி வழியில் இறக்கிவைத்துவிட்டு, வேலியைப் பிடித்துக்கொண்டு வழியில் போன யாரிடமோ பேச்சுக் கொடுத்தான், அவளும் இவன் பேச்சு நிற்கவா போகிறது என்று வாளியைத் தானே தூக்கிக்கொண்டு போனாள்…

அவர்கள் திருப்பத்தைச் சுற்றி வந்துவிட்டார்கள், ஒளிய இடமில்லை, கையில் கோப்பை, தோளில் குளிர்காலக் கோட்டு. டாக்டர் கோர்ஸ்கா நின்றார், கண்ணாடியை மூக்குக்கு இறக்கினார், “நீங்க யாரைப் பார்க்க வந்தீங்கம்மா?” என்றார். அதைச் சொல்வதில் என்ன, நான்தான், ஜன்னலோரத்து மனுஷனின் பெண்டாட்டி நான்தான், நீங்கள் சொன்னது முழுக்கக் கேட்டேன், மறுபடி சொல்லுங்கள், உட்காரவைத்துச் சொல்லுங்கள்… “ஏழாம் நம்பர் ரூம்” என்றாள். ஏழாம் நம்பரில் யார் இருக்கிறார்கள் என்றுகூட அவளுக்குத் தெரியாது. டாக்டர் தலையாட்டினார், “சரி. ஜன்னலோரக் கட்டில்காரரோட மனைவியைப் பார்த்தா பத்தரைக்கு என் ரூமுக்கு வரச் சொல்லுங்க, ஊர்ல இருந்து வர்றாங்களாம்.” “சொல்றேன்” என்றாள் உர்சூலா. அந்த மூன்று மாதம் சொன்ன பெண் அவளையே பார்த்தது, வெளிறிப்போன சின்ன முகம், இருபத்திரண்டு இருக்குமா, அதற்குத் தெரிந்துவிட்டதோ, தெரிந்தால் தெரியட்டும்… அவர்கள் ஏழாம் நம்பர் பக்கமே போனார்கள், ஐயோ, உள்ளே போய் உங்க வீட்டம்மா வெளியே நிற்கிறாங்க என்று சொன்னால்? அதுவா இப்போது கவலை, அதுதான் கவலையாக இருந்தது, அதைப் பற்றிக் கவலைப்படுவது சுலபமாக இருந்தது, சொல்லாதவரைக்கும் அது நடக்கவில்லை, பத்தரைவரைக்கும் அது ஆறு பிள்ளைகள் படித்த பாடம், அவ்வளவுதான், கல்லறைக்குப் போன அன்று அவளும் ரோமானும் எப்படி இருந்தார்களோ அப்படியே இன்னும் அரை மணி நேரம் இருக்கலாம்… இது திருட்டா? தன் புருஷனைத் தன் புருஷன் இல்லை என்று சொன்னாளே, வாய் எப்படி வந்தது?

அவன் தலையணையில் சாய்ந்து, கழுத்துவரை மஞ்சளாக, சட்டைப் பொத்தானைத் தப்பான ஓட்டையில் போட்டுக்கொண்டிருந்தான். “என்ன ஊலா, கோப்பையைக் கழுவப் போனியா, குளம் வெட்டப் போனியா?” “கெட்டில் பக்கம் கூட்டம்” என்றாள். இரண்டாவது பொய், முதலாவதைவிடச் சுலபமாக வந்தது. பிளாஸ்கின் மூடியை நிதானமாகத் திருகித் திறந்தாள். அவன் பேச ஆரம்பித்துவிட்டான், பையன்களெல்லாம் மாவு பிசைகிற மாதிரி அமுக்கினார்களாம், ஒரு பொண்ணு மட்டும் தொடவே பயந்ததாம், “கை பனிக்கட்டி. கொஞ்சம் தேய்ச்சுக்கோ பாப்பான்னு சொன்னேன். அப்புறம் இங்க இல்ல, இன்னும் கீழேன்னு கையைப் பிடிச்சு நானே வெச்சுக் காட்டினேன். எங்க பக்கத்துப் பொண்ணுதான். படிப்பு முடிச்சதும் ஊருக்கு வந்திடு, வார்டுப் பூட்டைத் திறக்க ஆள் இல்லன்னேன். சிரிச்சா. வரமாட்டா.” “வரமாட்டா” என்றாள் அவளும். “எல்லாத்தையும் எழுதிக்கிட்டா. எப்பலேருந்து வலின்னு கேட்டா, ஈஸ்டர்லேருந்துன்னேன்.”

அவள் ஊற்றிக்கொண்டிருந்த தேநீர் விளிம்பு தாண்டித் தட்டில் வழிந்தது. ஈஸ்டரா… செப்டம்பர் கடைசியில்தானே, காளான் பொறுக்கப் போய்வந்த அன்று ராத்திரிதானே முதல்முதலாக இங்கே பிடிக்கிறது என்றான், அவள்தானே சூடான பையை வைத்துக் கொடுத்தாள்… அவன் அவளைப் பார்க்கவில்லை, ஜன்னலுக்கு வெளியே கார் நிறுத்துமிடத்தில் யாரோ இடம் தேடிச் சுற்றிச் சுற்றி வருவதைப் பார்த்துக்கொண்டிருந்தான், வாய் தவறி வந்ததா, வேண்டுமென்றே விட்டதா? ஈஸ்டர் காலைச் சாப்பாட்டில் தொத்திறைச்சியைத் தட்டின் ஓரத்துக்கு ஒதுக்கினான், வரவர எதைச் செய்து வைத்தாலும் உனக்குப் பிடிப்பதில்லை என்று அவள் கோபித்துக்கொண்டாள். பிறகு கோடை முழுக்க விறகு, மே, ஜூன், ஜூலை, கோடாலி ஓயவே இல்லை, கொட்டகையில் இடம் போதாமல் வீட்டுச் சுவரோரம் ஜன்னல் உயரத்துக்கு அடுக்கினான், இடையிடையே மரத்தில் சாய்ந்து நிற்பான், ஒரு குளிர்காலத்துக்கு எதற்கு இவ்வளவு என்று கேட்டதற்கு ரெண்டு குளிருக்கு ஆகும் என்றான், வேலையில்லாத மனுஷன் என்று அடுத்த வீட்டுக்காரியிடம் சொல்லிச் சிரித்தாளே… இரண்டாவது குளிரை யாருக்காக எண்ணினான்?

“என்ன, வழியுது பாரு” என்றான் ரோமான்.

துணியை எடுத்துத் துடைத்தாள். கேட்டுவிடலாம், ஒரே கேள்வி… ஆனால் அதைக் கேட்டால், தாழ்வாரத்தில் தன் காதில் விழுந்ததையும் சொல்ல வேண்டிவரும். பத்தே கால். அவனுக்கும் அதே கணக்குத்தானோ, அவள் முகத்தைப் பார்த்தால் சொல்ல வேண்டிவரும் என்றுதான் அந்தக் காரையே பார்த்துக்கொண்டிருக்கிறானோ…