திட்டாமல் ஒரு ஜெபம்

படுக்கையில் கிடந்த மனைவியின் இடது கை நகங்களை வெட்டி முடித்து அவர் வலது கையைப் பிடித்தபோது, அவள் நகராட்சித் தலைவருக்காக ஜெபித்துக்கொண்டிருந்தாள்.

"ஆண்டவரே, தலைவருக்கு நல்ல தூக்கத்தக் குடுங்க. மூணு மாசமா மனுஷன் சரியாத் தூங்கலயாம். தூங்காதவங்க எடுக்கற முடிவு நமக்கு வேணாம்."

குரல் நூலாக இருந்தது. மூன்று வார்த்தைக்கு ஒருமுறை மூச்சு வாங்கியது. அவர் தலை நிமிராமல் சுண்டுவிரல் நகத்தை ஓரம் பார்த்து வெட்டினார். முப்பது வருடம் லேத் பட்டறையில் இரும்பைக் கடைந்த கை. மயிரிழை பிசகினாலும் கண்டுபிடித்துவிடும். ஊரில் அவருக்குப் பெயரே லேத்துக்காரர்தான்.

"நம்ம பக்கமும் கொஞ்சம் எடுத்துச் சொல்லேன்," என்றார்.

"எந்தப் பக்கம் சரின்னு அவருக்கு நான் சொல்லித்தரணுமாக்கும்?"

சண்டை கல்லறைத் தோட்டத்தைப் பற்றியது. சபையின் பழைய தோட்டத்தில் இடமில்லை. ஒருவர்மேல் ஒருவராகத்தான் புதைத்துக்கொண்டிருந்தார்கள். பக்கத்துத் தெருக் கிணறுகளில் தண்ணீர் கெட்டுவிட்டது என்று நகராட்சி தோட்டத்தின் கதவைப் பூட்டியது. ஊருக்கு வெளியே, தண்ணீர்த் தொட்டியைத் தாண்டி, ஒரு பொட்டல் நிலத்தை ஒதுக்கித் தந்தது. சபை இரண்டாகப் பிளந்தது. அப்பா அம்மா கிடக்கிற இடத்தை விடமாட்டோம் என்றது ஒரு பாதி. குடிக்கிற தண்ணீர் முக்கியம் இல்லையா என்றது மறுபாதி. ஞாயிற்றுக்கிழமைகளில் ஆலயத்தில் நடுவழிக்கு இந்தப் பக்கம் ஒரு கட்சியும் அந்தப் பக்கம் ஒரு கட்சியுமாக உட்கார்ந்தார்கள். இந்த மூன்று மாதத்தில் இறந்த இரண்டு பேரையும் வீட்டார் வெளியூருக்குக் கொண்டுபோய்விட்டார்கள். அந்தப் பொட்டலில் முதல் ஆளாய்த் தனியாகப் போய்ப் படுக்க யாருக்குத்தான் மனசு வரும்?

விடமாட்டோம் என்ற பாதி அமைத்த தோட்ட மீட்புக் குழுவுக்கு லேத்துக்காரர்தான் செயலாளர். மனு எழுதியது, கையெழுத்து வாங்கியது எல்லாம் அவர்தான். சந்தை வாசலில் சுகாதார அதிகாரியின் ஸ்கூட்டரை மறித்துச் சாவியைப் பிடுங்கியதும் அவர்தான். கிணறு கிணறாகப் போய் மருந்து போட்டவன் என்பதால் குழுவில் அந்த அதிகாரிக்குப் பெயர் பிளீச்சிங்.

அவர் மனைவியோ புதன்கிழமை ஜெபக்கூட்டத்தில் அதே ஆட்களுக்காக வாய்விட்டு ஜெபித்தாள். அவர்கள் மனம் மாறவேண்டும் என்று ஒருநாளும் கேட்டதில்லை. ஆணையாளரம்மாவின் முழங்கால் வலி, எழுத்தருடைய மகளின் பரீட்சை, இப்படித்தான் கேட்பாள். ஜெபம் முடிந்தால் பாதிப் பெண்கள் ஆமென் சொல்வதில்லை. அவர்களுக்கும் சேர்த்து அவளே கொஞ்சம் உரக்கச் சொல்லிக்கொள்வாள். இதெல்லாம் இவளுக்கு எப்படித் தெரிகிறது என்று அவர் கேட்டதில்லை. அவள் ஆஸ்பத்திரித் துணிக்கிடங்கில் இருபத்திரண்டு வருடம் வேலை பார்த்தவள். ஊர்ச் சேதி எல்லாம் அந்த வழியாகத்தான் போகும்.

அந்த ஆஸ்பத்திரியே இப்போது, இனி வீட்டில் வைத்துப் பார்த்துக்கொள்ளுங்கள் என்று அனுப்பிவிட்டது.

"என்னங்க," என்றாள். "முடியல. மீதிய நீங்க சொல்லுங்க."

"யாருக்கு?"

"சுகாதார அதிகாரி மட்டுந்தான் பாக்கி."

நகவெட்டியை மடக்கினார். திரும்பி வாசலைப் பார்த்தார். ஒத்தாசைக்கு வந்து தங்கியிருந்த அவருடைய அக்கா அங்கே முதுகைக் காட்டியபடி துணி மடித்துக்கொண்டிருந்தாள். காது மட்டும் இந்தப் பக்கம் இருந்தது.

"ஆண்டவரே," என்று தொடங்கினார். "அந்தப் பிளீச்சிங்…"

"திட்டாம சொல்லுங்க."

"அந்த… சார். அந்த சாருக்கு…" தொண்டையைச் செருமினார். வேண்டிக்கொள்ள எதுவுமே தோன்றவில்லை. "நேரா நேரத்துக்குச் சாப்பாடு கெடைக்கட்டும். ஆமென்."

வாசலில் அக்கா களுக்கென்று சிரித்துவிட்டாள். படுக்கையில் கிடந்தவளுக்குச் சிரிக்க மூச்சு போதவில்லை, கண்தான் சிரித்தது. நகம் வெட்டிய விரல்களால் அவர் மணிக்கட்டை லேசாகத் தட்டினாள். பிறகு தூங்கிப்போனாள். சாயங்காலம் நான்கு மணிக்கு அக்கா வாய் நனைக்கப் பஞ்சு எடுத்துக்கொண்டு வந்தபோது மூச்சு நின்றிருந்தது. அவர் அப்போதும் கையைப் பிடித்துக்கொண்டுதான் இருந்தார், மூச்சு நின்றது அவருக்கே தெரியவில்லை.

விளக்கு வைக்கிற நேரத்துக்குள் வீடு நிறைந்துவிட்டது. குழுத் தலைவர் வாத்தியார் வந்து அவர் தோளில் கை போட்டு உள்ளறைக்கு அழைத்துப்போனார். ஓய்வுபெற்ற மனிதர், நல்லவர்; இறந்தவளைத் தங்கச்சி என்றுதான் கூப்பிடுவார்.

"மனசத் திடப்படுத்திக்கப்பா. நாளைக்குத் தங்கச்சிய நேரா பழைய தோட்டத்துக்கே கொண்டுபோறோம். பூட்டு இருந்தா ஒடைப்போம். பொணத்தத் தடுக்க எவனுக்கும் தைரியம் வராது. வந்தாலும் ஊரே பாக்கட்டும். இந்த மாதிரி ஒரு சந்தர்ப்பம் இனிமே கெடைக்காது."

லேத்துக்காரர் தலையாட்டிக்கொண்டே கேட்டார். நேற்றுவரை அவரும் இப்படித்தான் பேசியிருப்பார். சந்தர்ப்பம் என்ற சொல்லைக் கேட்டதும் தலையாட்டுவது நின்றது. கூடத்தில் அக்காவும் இன்னும் இரண்டு பெண்களும் அவளுக்குத் தலை வாரிக்கொண்டிருந்தார்கள். நாளைக்கு அந்தத் தலைக்கு மேலே சத்தம் எழும்பும். கதவைக் கடப்பாரையால் நெம்புவார்கள். யாராவது யாரையாவது கெட்ட வார்த்தை சொல்வார்கள். பெட்டியை நடுரோட்டில் இறக்கிவைப்பார்கள்.

"வாத்தியாரே," என்றார். "அவள நடுவுல வச்சுச் சண்ட போட என்னால ஆகாது."

"அப்ப என்ன பண்ணப்போற?"

"காலையில ஆபீசுக்குப் போய்க் கேக்கறேன்."

வாத்தியாரின் கை தோளிலிருந்து இறங்கியது. "நீயே போனா மூணு மாச வேலையும் போச்சுப்பா," என்றார். கோபமாகச் சொல்லவில்லை. அதுதான் லேத்துக்காரரை அதிகம் சுட்டது.

நகராட்சி அலுவலகத்துக்குள் மனுவோ கூட்டமோ இல்லாமல் அவர் நுழைந்தது அதுதான் முதல் தடவை. சுகாதார அதிகாரி அப்போதுதான் பையை மாட்டிவிட்டுத் திரும்பினார். ஆளைப் பார்த்ததும் அவர் கை தானாகவே சட்டைப்பையில் இருந்த சாவியைப் பொத்திக்கொண்டது. லேத்துக்காரர் அதைக் கவனித்தார்.

"என் வீட்டுக்காரி நேத்து இறந்துட்டா சார். புது எடத்துல அடக்கம் பண்ண அனுமதி வேணும்."

அதிகாரி அப்படியே நின்றார். பிறகு நாற்காலியை இழுத்து அவரை உட்காரவைத்து, தானும் மேசைக்கு இந்தப் பக்கம் வந்து உட்கார்ந்தார்.

"அம்மாவா?" என்றார். "போன வாரம்கூடப் பேசினாங்களே."

"யார்கிட்ட?"

"எங்கிட்டதான். செவ்வாக்கெழம செவ்வாக்கெழம ஆபீஸ் நம்பருக்குப் போன் பண்ணுவாங்க. உங்களுக்குத் தெரியாதா?" அவர் முகத்தைப் பார்த்து அதிகாரியே பதிலைப் புரிந்துகொண்டார். "மொத தடவ, திட்டத்தான் போறாங்கன்னு ரிசீவரக் காதுக்கு எட்டவே வச்சிருந்தேன். 'நாளைக்கு ஜெபக்கூட்டம் சார், உங்களுக்கு என்ன கேக்கட்டும்'னாங்க. நான் சபைக்கெல்லாம் போறவன் இல்லம்மான்னேன். 'நீங்க போவேணாம், நான் போறேன், என்ன வேணும்னு மட்டும் சொல்லுங்க'ன்னாங்க. அப்புறம் தலைவர், ஆணையாளரம்மா, எழுத்தர்னு ஒவ்வொருத்தரையா விசாரிச்சாங்க."

"நீங்க என்ன கேட்டீங்க?"

அதிகாரி மேசை மேலிருந்த காகித எடையைக் கொஞ்சம் நகர்த்தி வைத்தார்.

"அந்த வாரம் எனக்கு ஒண்ணுதான் சார் தேவைப்பட்டுச்சு. சந்தைப் பக்கம் பயமில்லாம வண்டி ஓட்டணும்னு சொன்னேன்."

லேத்துக்காரர் தன் கைகளைப் பார்த்தார். அந்தப் புதன்கிழமை அவள் ஜெபக்கூட்டத்திலிருந்து வந்து அவருக்குச் சாப்பாடு பரிமாறியிருப்பாள். எதிரில் உட்கார்ந்து அவர் சாப்பிடுவதைப் பார்த்துக்கொண்டிருந்திருப்பாள். ஒரு வார்த்தை சொல்லவில்லை. அவர்மேல் ஒரு குறையும் யாரிடமும் சொல்லியிருக்கமாட்டாள், ஆண்டவர் ஒருவரிடம் தவிர. அந்த ஒருவரிடமும் திட்டாமல்தான் சொல்லியிருப்பாள்.

"நான் செஞ்சது தப்பு சார்."

"எங்க அப்பாவும் பழைய தோட்டத்துலதான் சார் இருக்காரு," என்றார் அதிகாரி. "தண்ணி மட்டும் நல்லா இருந்திருந்தா நானே உங்க மனுவுல கையெழுத்துப் போட்டிருப்பேன்."

இத்தனை நாள் அவரிடம் அதைக் கேட்க யாருக்கும் தோன்றவில்லை.

அதிகாரி படிவத்தை எடுத்து எழுதத் தொடங்கினார். பாதியில் பேனா நின்றது. "பழைய எடம் மாதிரி இங்க நெருக்கடி இல்ல. தம்பதியா இருந்தா பக்கத்து எடத்தையும் எழுதிவைக்கலாம். ஒரு எடமா சார், ரெண்டா?"

லேத்துக்காரர் இரண்டு விரலைக் காட்டினார்.

மதியம் மூன்று மணிக்கு அடக்கம். பூமி கெட்டிப்பட்டுக் கிடந்ததால் குழி வெட்டியவர்கள் கடப்பாரையை இரண்டு முறை மாற்ற வேண்டியிருந்தது. குழுவிலிருந்து ஐந்து பேர்தான் வந்தார்கள். மறுகட்சியிலிருந்து வந்தவர்கள் முதலில் ஒதுங்கித்தான் நின்றார்கள். பெட்டியை இறக்கக் கயிறு பிடிக்க ஆள் போதாமல் வந்து சேர்ந்துகொண்டார்கள். வாத்தியார் நிலத்துக்குள் வரவில்லை. ஆனாலும் சாலையோரம், வெயிலில், கடைசிவரை நின்றார்.

போதகர் ஜெபித்து முடித்து, நீங்கள் ஏதாவது சொல்கிறீர்களா என்று லேத்துக்காரரைப் பார்த்தார்.

"ஆண்டவரே, இவள எனக்குக் குடுத்தீங்களே, அதுக்கு நன்றி," என்றார். "நன்றி," என்று இன்னொரு தடவை சொன்னார். பிறகு குனிந்து ஒரு பிடி மண் எடுத்தார்.

கூட்டம் கலைந்தது. குழி வெட்டியவர்கள் மண்ணை மேடாகக் குவித்து, மண்வெட்டியின் முதுகால் தட்டிக்கொண்டிருந்தார்கள். காலையிலிருந்து நின்றுகொண்டே இருந்த அக்காவுக்குக் கால் கடுத்தது. மேட்டுக்குப் பக்கத்தில், வெள்ளைப் பொடியால் கோடு போட்டு விட்டிருந்த வெறுந்தரையில் பையைப் போட்டு உட்கார்ந்தாள்.

"அக்கா, அது என் எடம்," என்றார் லேத்துக்காரர்.

கோட்டைப் பார்த்ததும் அவளுக்கு விளங்கிவிட்டது. பதறிப்போய்க் கையை ஊன்றி எழப் பார்த்தாள்.

"இருக்கா, இரு. இப்ப ஒண்ணும் அவசரமில்ல."

கோட்டுக்குள் கொஞ்சம் நகர்ந்து இடம் விட்டாள் அக்கா. அவரும் செருப்பைக் கழற்றிவிட்டுப் பக்கத்தில் உட்கார்ந்து கால்களை நீட்டிக்கொண்டார்.