நினைத்துச் சாப்பிட்ட அப்பளம்

கீழத்தெருவில் புருசனுக்கு ரத்தக் கொதிப்பு வந்தால் பெண்டாட்டிதான் உப்பை விடுவாள். மாத்திரையும் அவளே விழுங்குவாள். அவரை நினைத்துக்கொண்டு செய்ய வேண்டும், அவ்வளவுதான், அவருக்கு இறங்கிவிடும். விரதம் இருப்பது ஒருத்தி, ஆயுசு கூடுவது ஒருத்தருக்கு என்று பழகிய ஊரில் இதென்ன பெரிய அதிசயம்?

திருமலையப்பனுக்கு 170/110 ஏறியதும் டாக்டர் அவர் பெண்டாட்டி செண்பகவல்லியைப் பார்த்தேதான் பேசினார். உப்பைக் குறைக்கணும், அரைமணி நேரம் நடக்கணும், கோபமே கூடாது. அவள் விடிந்ததும் தெப்பக்குளத்தைச் சுற்றினாள். அவர் சாய்வு நாற்காலியில் வேர்வையைத் துடைத்தார். அவள் உப்பில்லாக் கஞ்சி குடித்தாள். எதிரே அவர் நார்த்தங்காய் ஊறுகாயும் அப்பளமுமாக நொறுக்கினார். வீட்டு மெஷின் அவருக்கு 120/80 காட்டியது. வந்தவர் போனவரிடமெல்லாம் கையை நீட்டிக் காட்டினார்.

"எல்லாம் மனக்கட்டுப்பாடுதான் வே!"

ஆமாம், பெரிய கட்டுப்பாடு. வெட்கங்கெட்ட மனுசன்.

மூன்றாம் மாதம் செண்பகவல்லி அடுக்களையில் தலைசுற்றி விழுந்தாள். மெஷினை அவள் கையில் கட்டினால் 80/50.

"இப்படியே விட்டா உசுருக்கே ஆபத்து. உப்பு சேரணும்," என்றார் டாக்டர். "நீங்கதான் தினம் அப்பளம் சாப்பிடுறீங்களே, ஒரு தடவையாவது இவங்கள நினைச்சுச் சாப்பிட்டீங்களா?"

"மறந்துட்டேன் டாக்டர்."

அன்று மதியம் அப்பளத்தைக் கையில் பிடித்துக் கண்ணை மூடினார். சேலை வந்தது, கரண்டி வந்தது. முப்பது வருசமாகச் சோறு போட்டவளின் முகம் மட்டும் வரவில்லை. எதிரில்தான் இருந்தாள், கண்ணைத் திறந்து பார்த்தால் ஆச்சு. அது அவருக்குத் தோன்றவில்லை. பால்காரர் துரைப்பாண்டிதான் மீசையோடு பளிச்சென்று மனசில் வந்தார். வந்தவரை நினைத்தே ஆறு அப்பளம் தின்றார். சாயங்காலம் துரைப்பாண்டிக்கு 190. அவர் பெண்டாட்டி பேச்சியம்மாள் அன்றே உப்பை விட்டாள்.

செண்பகவல்லிக்குப் பற்றிக்கொண்டு வந்தது. ஊறுகாய் பாட்டிலை இழுத்துத் தன்னையே நினைத்தாள். அவளுக்கும் தன் முகம் லேசில் வரவில்லை; எவர்சில்வர் தட்டில் குனிந்து பார்த்துத்தான் கண்டுபிடித்தாள். நாக்கில் வைத்தாள். அப்பப்பா, என்ன ருசி!

"ஏட்டி, அப்ப எனக்கு யாரு நடக்கது?"

"வேற ஆள் பாருங்க."

அன்றிலிருந்து தனக்காக நடக்க ஆள் தேடித் தெருத்தெருவாக நடக்கிறார். வழியெல்லாம் செண்பகவல்லியைத் திட்டிக்கொண்டேதான் நடக்கிறார். இப்போது அவள் முகம் அவருக்கு நன்றாக நினைவுக்கு வருகிறது. இரண்டு பாட்டில் ஊறுகாய் தீர்ந்தும் அவளுக்கு 120/80.